சிட்னி பிரென்னர்: அவர் பெயர் இல்லாத கட்டுரைகள்

ஒரு விஞ்ஞானி எவ்வளவு பெரிய ஆள் என்று எப்படிச் சொல்வது? இணையத்தில் தேடினால் உடனே எண்கள் வந்து நிற்கும். எத்தனை கட்டுரைகள், எத்தனை முறை மேற்கோள், ஹெச்-இண்டெக்ஸ் எவ்வளவு. எங்கள் மென்பொருள் உலகிலும் இதே கதைதான். வருடக் கடைசி மதிப்பீட்டில் எத்தனை டிக்கெட் மூடினாய், எத்தனை கமிட் போட்டாய் என்று கேட்பார்கள். மூன்று பேர் ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்த விஷயத்தை, பக்கத்து மேசைக்காரர் டீ குடிக்கிற நேரத்தில் ஒரு கேள்வி கேட்டுத் தீர்த்து வைத்திருப்பார். அவர் கணக்கில் அது ஏறவே ஏறாது.

கடந்த சில மாதங்களாக சிட்னி பிரென்னரின் ஆய்வுக் கட்டுரைகளை ஒவ்வொன்றாகப் படித்து வருகிறேன். உயிரியல் நான் முறையாகப் படித்த துறை இல்லை. பள்ளியோடு நின்றுபோனது. ஆனாலும் பிரென்னரைப் படிக்கும்போது நம்ம ஆள் ஒருத்தர் பேசுகிற மாதிரி இருக்கும். குறியீடு, வாசிப்பு, நிறுத்தக் குறி, நிரல் என்றெல்லாம் பேசியவர் அவர். அதனால்தான் கொஞ்சம் எச்சரிக்கையாகவும் படிக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பதிவு அஞ்சலியும் இல்லை, வாழ்க்கை வரலாறும் இல்லை. அவர் ஆய்வில் எது நின்றது, எது நிற்கவில்லை, அவருடைய செல்வாக்கு உண்மையில் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தவரை கணக்குப் பார்க்கிற முயற்சி.

சுருக்கமாக ஆள் யார் என்று சொல்லிவிடுகிறேன். 1927-ல் தென்னாப்பிரிக்காவின் ஜெர்மிஸ்டனில் பிறந்தார். அப்பா செருப்புத் தைப்பவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். பக்கத்து வீட்டுப் பெண்மணி சாப்பாட்டு மேசையில் விரித்திருந்த செய்தித்தாள்களை வைத்துப் பையன் படிக்கக் கற்றுக்கொண்டான். ஜோகன்னஸ்பர்க்கில் மருத்துவம், பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டம். 1953 ஏப்ரலில் கேம்பிரிட்ஜுக்குப் போய் வாட்சனும் கிரிக்கும் கட்டி வைத்திருந்த டிஎன்ஏ மாதிரியை நேரில் பார்த்தார். மூன்றரை வருஷம் கழித்து அதே ஊருக்கு வேலைக்குப் போனார். ஏறக்குறைய 20 வருடம் கிரிக்கோடு ஒரே அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார். 2002-ல் நோபல். 2019-ல் சிங்கப்பூரில் இறந்தார்.

கழித்துக் கழித்துக் கண்டுபிடிப்பது

முதலில் 1957 கட்டுரை. டிஎன்ஏவில் நான்கு எழுத்துகள், புரதத்தில் 20 அமினோ அமிலங்கள். நாலு எழுத்தை வைத்து இருபதை எப்படிக் குறிப்பது? மூன்று மூன்று எழுத்தாக எடுத்தால் 64 சொற்கள் கிடைக்கும், போதும். ஆனால் அந்த மும்மைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்காருமா, தனித்தனியாக நிற்குமா? இயற்பியலாளர் ஜார்ஜ் காமோவ் முன்வைத்த குறியீட்டில் அவை ஒன்றன் மேல் ஒன்று ஏறும். அதாவது ஒரு மும்மையின் கடைசி இரண்டு எழுத்துகள்தான் அடுத்த மும்மையின் முதல் இரண்டு எழுத்துகள்.

பிரென்னர் இதற்கு ஒரு சோதனைக் குழாயைக்கூடத் தொடவில்லை. அவர் செய்தது இதுதான். ஏறி உட்காருகிற குறியீட்டில், ஒரு மும்மைக்குப் பின்னால் வரக்கூடிய மும்மைகள் நான்கே நான்குதான். ஏனென்றால் முதல் இரண்டு எழுத்து ஏற்கெனவே முடிவாகிவிட்டது, மூன்றாவது எழுத்துக்குத்தான் நாலு வாய்ப்பு. அப்படியானால் ஒரு அமினோ அமிலத்துக்குப் பக்கத்தில் எத்தனை வெவ்வேறு அமினோ அமிலங்கள் வருகின்றன என்று எண்ணி, நாலால் வகுத்தால், அதற்குக் குறைந்தபட்சம் எத்தனை மும்மைகள் தேவை என்று தெரிந்துவிடும். அப்போது இன்சுலின் மாதிரி சில புரதங்களின் வரிசைதான் தெரியும். அந்தக் கொஞ்சத் தகவலை வைத்தே இருபதுக்கும் கணக்குப் போட்டுக் கூட்டினார். 64-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே எல்லா வகை ஏறு-மும்மைக் குறியீடுகளும் ஒரே அடியில் காலி.

எதையும் புதிதாகக் கண்டுபிடிக்காமல், ஒரு பெரிய வகையையே கதவடைத்துச் சாத்திய கட்டுரை இது. பிழை திருத்துகிறவர்களுக்கு இந்த மனநிலை நன்றாகத் தெரியும். எங்கே தவறு இருக்க முடியாது என்று முதலில் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதே மனநிலையின் உச்சம் 1961 கடைசியில் கிரிக், பார்னெட், பிரென்னர், வாட்ஸ்-டோபின் நால்வரும் எழுதிய கட்டுரை. பாக்டீரியாவைத் தின்னும் வைரஸ் ஒன்றில், ஒரு எழுத்தைச் சேர்க்கிற அல்லது நீக்குகிற ரசாயனத்தை வைத்துப் பிழைகள் உண்டாக்கினார்கள். இதைத் தமிழில் சொல்லிப் பார்க்கலாம். மூன்று மூன்று எழுத்துச் சொற்களால் ஆன ஒரு வாக்கியம்:

அவன் மகன் பழம் தரல

இரண்டாவது எழுத்துக்குப் பின்னால் ஒரு 'க' நுழைந்துவிட்டது என்று வையுங்கள். மும்மூன்றாகப் படித்தால்:

அவக ன்மக ன்பழ ம்தர ல

மொத்தமும் பாழ். இப்போது கொஞ்சம் தள்ளி ஒரு எழுத்தை எடுத்துவிட்டால்:

அவக ன்மக பழம் தரல

முன்பாதி உளறல், பின்பாதி சரியாகிவிட்டது. ஒன்று சேர்த்து ஒன்று எடுத்தால் சரியாவது பெரிய ஆச்சரியம் இல்லை. ஒன்றுமே எடுக்காமல் மூன்று எழுத்தைச் சேர்த்தால்?

அவக ன்சம டகன் பழம் தரல

மறுபடியும் வாக்கியம் வழிக்கு வந்துவிட்டது! இரண்டு சேர்த்தால் வராது, நான்கு சேர்த்தால் வராது, மூன்று சேர்த்தால் வரும். வைரஸ் கலங்களில் இதேதான் நடந்தது. டிஎன்ஏவைக் கண்ணால் பார்க்காமல், எழுத்துகளைப் படிக்காமல், தட்டில் எந்த வைரஸ் பிழைக்கிறது என்று மட்டும் பார்த்து, குறியீடு மும்மை என்று சொல்லிவிட்டார்கள். குறியீடு ஒரு நிலையான இடத்தில் தொடங்கி மும்மூன்றாக வாசிக்கப்படுகிறது என்பதும் அதிலேயே வந்துவிட்டது.

ஆனால் இதிலேயே ஒரு குறையையும் பார்க்க வேண்டும். எந்த மும்மை எந்த அமினோ அமிலம் என்ற அட்டவணையை இந்த அறிவாளிக் கூட்டம் கண்டுபிடிக்கவில்லை. அதே 1961-ல் அமெரிக்காவில் அவ்வளவாக யாரும் கேள்விப்படாத நிரன்பர்க்கும் மத்தேயும் ஒரே எழுத்தாலான ஆர்என்ஏவைச் செய்து, செல் சாற்றில் போட்டு, முதல் சொல்லைப் படித்துவிட்டார்கள். மீதி அட்டவணையை நிரன்பர்க்கும் ஹர் கோவிந்த் கொரானாவும் மற்றவர்களும் உழைத்து நிரப்பினார்கள். 1968 நோபல் அவர்களுக்குப் போனது. சிந்தித்தே கண்டுபிடித்துவிடலாம் என்ற கேம்பிரிட்ஜ் பாணிக்கு ஒரு எல்லை இருந்தது. பிரென்னர் ரசிகர்கள் எழுதும் கட்டுரைகளில் இந்த இடம் பெரும்பாலும் அவசரமாகத் தாண்டப்படுகிறது.

மெக்னீசியம்

அவர் வெறும் சிந்தனையாளர் இல்லை என்பதற்கு தூதுவர் ஆர்என்ஏ கதை சாட்சி. 1960 ஏப்ரல் 15, புனித வெள்ளி. கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் பிரென்னரின் அறையில் ஒரு சின்னக் கூட்டம். பாரிஸிலிருந்து வந்த ஃபிரான்சுவா ஜாகோப் தன் குழுவின் சோதனை முடிவுகளைச் சொல்கிறார். ஜீனுக்கும் புரதத்துக்கும் நடுவில் சீக்கிரம் அழிந்துபோகிற ஏதோ ஒன்று இருக்க வேண்டும் என்று அந்த முடிவுகள் காட்டின. பிரென்னருக்கும் கிரிக்குக்கும் சட்டென்று பொறி தட்டுகிறது. வைரஸ் தொற்றிய பாக்டீரியாவில் சில வருஷம் முன்பே வோல்கினும் அஸ்ட்ராக்கனும் பார்த்திருந்த வினோதமான ஆர்என்ஏதான் அது! ரைபோசோம் என்பது டேப் ரெக்கார்டர் மாதிரி. எந்த நாடாவைப் போட்டாலும் வாசிக்கும். அந்த நாடாதான் தூதுவர் ஆர்என்ஏ.

அந்தக் கோடையில் பிரென்னரும் ஜாகோபும் கலிஃபோர்னியாவில் மேத்யூ மெசல்சனின் ஆய்வகத்துக்குப் போனார்கள். பாக்டீரியாவைக் கனமான ஐசோடோப்பில் வளர்த்து, வைரஸைத் தொற்ற வைத்து, அதே நேரத்தில் லேசான உணவுக்கு மாற்றினார்கள். புது ஆர்என்ஏ பழைய கனமான ரைபோசோமில் போய் உட்கார்ந்தால் ஊகம் சரி. ஆனால் சீசியம் குளோரைடு கரைசலில் சுழற்றும்போதெல்லாம் ரைபோசோம்கள் உடைந்து உடைந்து போயின. ஊருக்குத் திரும்ப வேண்டிய நாளும் நெருங்கிவிட்டது. கடற்கரையில் சோர்ந்து உட்கார்ந்திருந்தபோது பிரென்னர் திடீரென்று எழுந்து மெக்னீசியம் என்று கத்தினாராம். ரைபோசோமைச் சேர்த்துப் பிடிப்பது மெக்னீசியம். மலைபோல் இருந்த சீசியம் அதைத் துரத்திவிட்டது. மெக்னீசியத்தை நிறையச் சேர்த்ததும் சோதனை வேலை செய்தது. 1961 மே மாதம் நேச்சரில் கட்டுரை வந்தது, அதே இதழில் வாட்சன் பக்கத்து ஆட்களின் கட்டுரையும் சேர்ந்தே வந்தது. கோவிட் காலத்தில் நாம் எல்லாரும் பேசிய எம்ஆர்என்ஏ இதுதான்.

இந்தக் காலகட்டத்தில் இன்னும் சில இருக்கின்றன. 'கோடான்' என்ற சொல்லே பிரென்னர் வைத்தது என்பார்கள். புரதத்தை நிறுத்தச் சொல்லும் முற்றுப்புள்ளி மும்மைகள் மூன்றையும் அடையாளம் கண்ட கட்டுரைகளில் அவர் பங்கு பெரிது. ஜீனின் வரிசையும் புரதத்தின் வரிசையும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்துகின்றன என்று 1964-ல் காட்டிய கட்டுரையில் அவரோடு முதல் பெயராக இருப்பவர் இந்தியாவைச் சேர்ந்த ஆனந்த் சாராபாய்.

ஒரு வேடிக்கை. அவர் கட்டுரைகளில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவற்றில் ஒன்று, 1959-ல் ஹார்னுடன் சேர்ந்து எழுதியது. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைரஸைத் தெளிவாகப் பார்க்க, வைரஸுக்குப் பதிலாகச் சுற்றியுள்ள இடத்துக்குச் சாயம் ஏற்றும் ஒரு செய்முறை. பயனுள்ள விஷயம், மறுக்கவில்லை. ஆனால் மேற்கோள் எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் ஒரு இயந்திரம், இந்தச் சமையல் குறிப்பை 1957 கட்டுரையைவிடப் பல மடங்கு உயரத்தில் வைக்கும். அளவுகோலின் லட்சணம் இவ்வளவுதான்.

புழு

1963 ஜூன் 5. ஆய்வகத் தலைவர் மாக்ஸ் பெருட்ஸுக்கு பிரென்னர் ஒரு கடிதம் எழுதுகிறார். மூலக்கூறு உயிரியலின் பழைய கேள்விகள் ஏறக்குறைய முடிந்துவிட்டன, அல்லது அடுத்த பத்தாண்டில் முடிந்துவிடும். இனி கருவளர்ச்சிக்கும் நரம்பு மண்டலத்துக்கும் போக வேண்டும் என்பது சாரம். தன் துறை வெற்றியின் உச்சத்தில் இருக்கும்போது 'இது முடிஞ்சுபோச்சு' என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும். அப்போது நிறுத்த மும்மைகளைக்கூட முழுசாகக் கண்டுபிடித்து முடிக்கவில்லை.

அவர் தேர்ந்தெடுத்தது சி. எலெகன்ஸ் என்ற உருளைப்புழு. ஒரு மில்லிமீட்டர் நீளம், உடல் முழுக்கக் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும். சாப்பாடு பாக்டீரியா. மூன்று நாளில் அடுத்த தலைமுறை. ஒரே புழு ஆணாகவும் பெண்ணாகவும் இருந்து தன்னைத்தானே கருவுறச் செய்துகொள்ளும் என்பதால் மரபியல் கணக்கு சுலபம். உறைய வைத்து வருஷக்கணக்காகச் சேமிக்கவும் முடியும் என்பது பிறகு தெரிந்தது. இதைவிட முக்கியம், எண்ணி முடிக்கக்கூடிய உடம்பு. வளர்ந்த புழுவில் இனப்பெருக்க அணுக்கள் தவிர 959 செல்கள். அதில் 302 நரம்பணுக்கள்.

கடிதம் எழுதியது 1963. 'சி. எலெகன்ஸின் மரபியல்' என்ற அந்த முக்கியக் கட்டுரை வந்தது 1974. நடுவில் 11 வருஷம். இடையில் அவர் பழைய துறையில் கட்டுரைகள் எழுதிக்கொண்டுதான் இருந்தார், சும்மா இருக்கவில்லை. ஆனால் புழுவைப் பொறுத்தவரை பதினோரு வருஷம் பெரிதாகக் கணக்குக் காட்டாமல் ஒரு ஆய்வகம் ஓடியிருக்கிறது. அந்தக் கட்டுரையில் சுமார் 300 மியூட்டன்ட்கள், ஏறத்தாழ 100 ஜீன்கள். தள்ளாடும் புழு, குண்டான புழு, சுருண்டு சுருண்டு ஓடும் புழு என்று வகை வகையாக.

இதற்குப் பிறகு நடந்ததுதான் என் தலைப்புக்குக் காரணம். புழுவின் முக்கியமான சாதனைகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். பிறந்த பிறகு நடக்கும் செல் பிரிவுகளின் வம்சாவளி, 1977: சல்ஸ்டன், ஹார்விட்ஸ். கருவுக்குள் நடக்கும் பிரிவுகளின் முழு வம்சாவளி, 1983: சல்ஸ்டன் முதலான நால்வர், அதில் பிரென்னர் இல்லை. செல்கள் தற்கொலை செய்துகொள்ளக் காரணமான ஜீன்கள்: ஹார்விட்ஸின் குழு. பல செல் உயிரி ஒன்றின் முதல் முழு மரபணுத் தொகுதி, 1998: ஒரு பெரிய கூட்டமைப்பு. ஆர்என்ஏ குறுக்கீடு, 1998: ஃபயர், மெல்லோ. பச்சை ஒளிரும் புரதத்தைச் செல்லுக்குள் விளக்காகப் பயன்படுத்தியது, 1994: சால்ஃபியும் சகாக்களும். மைக்ரோ ஆர்என்ஏ, 1993: ஆம்ப்ரோஸ், ருவ்கன்.

இந்தப் பட்டியலில் எதிலும் பிரென்னர் பெயர் இல்லை. 2002, 2006, 2008, 2024 என்று நான்கு நோபல் பரிசுகளில் இந்தப் புழு சம்பந்தப்பட்டிருக்கிறது. முதல் ஒன்றில்தான் அவர் பெயர் உண்டு. ஆனால் ஹார்விட்ஸ், சால்ஃபி, ஃபயர் மூவரும் கேம்பிரிட்ஜில் அந்தப் புழு ஆய்வகத்தில் பயிற்சி பெற்றவர்கள். ஆம்ப்ரோஸும் ருவ்கனும் ஹார்விட்ஸிடம் இருந்தவர்கள். மனித மரபணுத் தொகுதியைப் படித்த பிரிட்டிஷ் அணியை நடத்திய சல்ஸ்டன், அந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டது புழுவின் டிஎன்ஏவில்தான். இதையெல்லாம் எந்த ஹெச்-இண்டெக்ஸில் சேர்ப்பது?

எங்கள் துறையில் ஒருவர் ஒரு இயங்குதளத்தைத் திறந்த மூலமாக விட்டுவிட்டுப் போவது போலத்தான் இது. அந்த ஒப்புமை வெறும் அலங்காரம் இல்லை. புழு ஆய்வாளர்கள் 1975 முதல் ஒரு செய்தி மடல் நடத்தினார்கள். வெளியிடாத முடிவுகளை அதில் போட்டு எல்லாருக்கும் சொன்னார்கள். மியூட்டன்ட் புழுக்கள் ஒரு பொது மையத்தில் இருக்கும், யார் கேட்டாலும் கிடைக்கும். எல்லாவற்றையும் பிரென்னரே ஏற்பாடு செய்தார் என்று சொல்ல முடியாது. ஆனால் ஆரம்பத்தில் ஒரு ஜீனைத் தன் மாணவர்கள் எடுத்துக்கொண்டு போய் சொந்த ஆய்வகம் தொடங்கும்போது தடுக்காத ஒரு ஆசிரியர் இருந்ததால்தான் இந்தப் பழக்கம் வேர் விட்டது என்று எனக்குத் தோன்றுகிறது.

மூன்று முறைப்பாடுகள்

சரி, புகழ்ந்தது போதும். இனி குறைகள்.

ஒன்று. பிரென்னர் புழுவைத் தேர்ந்தெடுத்தது எதற்காக? ஜீன்கள் எப்படி நரம்பு மண்டலத்தைக் கட்டுகின்றன, அந்த நரம்பு மண்டலம் எப்படி நடத்தையை உண்டாக்குகிறது என்று முழுசாகத் தெரிந்துகொள்ள. 1986-ல் வைட், சவுத்கேட், தாம்சன், பிரென்னர் நால்வரும் 340 பக்கக் கட்டுரையாக புழுவின் முழு நரம்பு வரைபடத்தையும் வெளியிட்டார்கள். சுமார் 5000 ரசாயன இணைப்புகள், 600 நேரடி மின் இணைப்புகள், நரம்பும் தசையும் சேரும் இடங்கள் 2000. அதற்கப்புறம் நாற்பது வருஷம் ஆகப் போகிறது. அந்த வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு புழு அடுத்து என்ன செய்யும் என்று இன்றைக்கும் சொல்ல முடியவில்லை. தொட்டால் பின்வாங்குவது போன்ற சில சுற்றுகள் நன்றாகப் புரிந்திருக்கின்றன, அவ்வளவுதான்.

காரணம் இப்போது ஓரளவு தெரியும். எந்த இணைப்பு தூண்டுகிறது, எது அடக்குகிறது என்பது படத்தில் இல்லை. இணைப்பின் பலம் இல்லை. கம்பிகளே இல்லாமல் பரவும் சிறு புரதத் துணுக்குகள் ஒரே சுற்றை வேறு வேறு மாதிரி வேலை செய்ய வைக்கின்றன. அது மட்டுமில்லை, அந்த வரைபடம் ஒரே புழுவுடையதும் இல்லை. பல புழுக்களின் துண்டுகளை ஒட்டிச் செய்தது. சர்க்யூட் படம் கையில் இருந்தால் இயந்திரம் புரிந்துவிடும் என்ற நம்பிக்கை பொறியாளனுக்கு இயல்பானது. அந்த நம்பிக்கை இங்கே தோற்றது. புழு அடைந்த வெற்றிகள் பெரும்பாலும் அவர் தேடிப் போகாத இடங்களில் கிடைத்தவை. வெற்றிக் கதையாகச் சொல்லும்போது இந்தத் தோல்வி மறைந்துவிடுகிறது.

இரண்டு. 'மரபணு நிரல்' என்ற உருவகம். டிஎன்ஏ ஒரு நிரல், உடம்பு அதன் வெளியீடு என்ற பேச்சைப் பரப்பியதில் பிரென்னர் தலைமுறைக்குப் பெரிய பங்கு உண்டு. என்னைப் போன்றவர்களுக்கு இது தேன். ஆனால் சல்ஸ்டனின் வம்சாவளி வந்தபோது என்ன தெரிந்தது? ஒவ்வொரு புழுவிலும் அதே வரிசையில்தான் செல்கள் பிரிகின்றன. ஆனால் அந்த வரிசையில் நேர்த்தியான தர்க்கம் எதுவும் இல்லை. தசைச் செல்கள் எல்லாம் ஒரே கிளையிலிருந்து வரவில்லை, வேறு வேறு கிளைகளிலிருந்து வருகின்றன. 131 செல்கள் பிறந்து உடனே சாகின்றன. ஒரு நல்ல நிரலாளர் இப்படி எழுத மாட்டார். பிரென்னரே 1984 வாக்கில் சயன்ஸ் இதழில் வந்த ஒரு கட்டுரையில் இதை ஒத்துக்கொண்டார். வளர்ச்சியை மேலிருந்து கீழே அழகாக அடுக்கிய நிரலாகப் பார்க்க முடியாது என்ற முடிவுக்கு வந்திருந்தார். தன் அடிப்படை உருவகத்தைத் தானே சந்தேகிப்பது சாதாரண விஷயம் இல்லை. வருத்தம் என்னவென்றால், உருவகம் ஊரெல்லாம் பரவியது. அவருடைய திருத்தம் பரவவில்லை. இன்றைக்கும் நம் ஆட்கள் 'டிஎன்ஏ என்பது சோர்ஸ் கோட்' என்று மேடையில் பேசுகிறார்கள். நானும் பேசியிருக்கிறேன்.

மூன்று. உழைப்பின் கணக்கு. பிரென்னர் அற்புதமான பேச்சாளர், கிண்டல்காரர். கரண்ட் பயாலஜி இதழில் அவர் எழுதிய பத்திகள் இன்றும் சிரிக்க வைக்கும். யோசனை இல்லாமல் தரவை அள்ளிக் குவிக்கும் ஆய்வுகளை அவர் கடுமையாகக் கேலி செய்தார். எனக்கும் அந்தக் கேலி பிடிக்கும். ஆனால் அவர் ஆய்வகத்தின் ஆகப் பெரிய இரண்டு சொத்துகள் எவை? வம்சாவளியும் நரம்பு வரைபடமும். இரண்டும் அசாத்தியப் பொறுமையோடு ஒன்றுவிடாமல் அள்ளிக் குவித்த தரவுகள்தான்! சல்ஸ்டன் கருவுக்குள் செல் பிரிவதைப் பார்க்க ஒன்றரை வருஷத்துக்கு மேல் தினமும் நுண்ணோக்கியில் கண்ணை வைத்து உட்கார்ந்திருந்தார். நிக்கல் தாம்சன் புழுவை ஆயிரக்கணக்கான மெல்லிய சீவல்களாக வெட்டினார். ஐலீன் சவுத்கேட் அந்தப் படங்களில் ஒவ்வொரு நரம்பாகப் பேனாவால் பின்தொடர்ந்து எண் போட்டார். இதற்கென்று வாங்கிய மாடுலர் ஒன் கணினி போதாமல் போய், கடைசியில் கையால்தான் முடித்தார்கள். 1961 மும்மைக் கட்டுரையின் வைரஸ் கலப்புகளில் லெஸ்லி பார்னெட்டின் கை வேலை எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். இவர்கள் பெயர் கட்டுரைகளில் இருக்கிறது, அதுவரை நியாயம். ஆனால் கதை சொல்லும்போது கடற்கரையில் கத்திய ஆள்தான் நினைவில் நிற்கிறார்.

பேத்தை மீனும் பிறகும்

பிற்காலப் பிரென்னரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மனித மரபணுத் தொகுதி 300 கோடி எழுத்து, பெரும்பகுதி எதற்கென்றே தெரியாது. ஏறக்குறைய அதே அளவு ஜீன்களைச் சுமார் 40 கோடி எழுத்தில் அடக்கிய ஒரு மீன் இருக்கிறது, அதை முதலில் படிப்போமே என்று 1993-ல் சொன்னார். அதுதான் ஃபுகு, நம் கடற்கரையில் பேத்தை என்று சொல்லும் வகை. சிங்கப்பூரில் பைரப்பா வெங்கடேஷ் முதலானவர்களோடு அந்தப் பணி நடந்தது. 2002-ல் வரைவு வந்தது. மனிதனுக்குப் பிறகு முழுசாக வரைவு வந்த முதல் முதுகெலும்பி அதுதான். புத்திசாலித்தனமான குறுக்கு வழி. ஆனால் அதற்குள் வரிசை படிக்கும் செலவு வேகமாக இறங்கிவிட்டது. எலியின் தொகுதியும் அதே வருஷம் வந்தது. குறுக்கு வழி திறந்தபோது நெடுஞ்சாலையே போட்டு முடித்திருந்தார்கள். புழுவில் பலித்த 'சரியான பிராணியைத் தேர்ந்தெடு' என்ற மந்திரம் மீனில் பாதிதான் பலித்தது என்பது என் கணிப்பு.

கடைசிக் காலப் பேட்டிகளில் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு விஷயம் உண்டு. இரண்டு நோபல் வாங்கிய ஃபிரெட் சாங்கரைப் போன்ற ஒருவர் இன்றைக்கு வேலை பார்த்தால், வருஷக்கணக்காகக் கட்டுரை இல்லாமல் பணம் கிடைக்காது, வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று. இதழின் பெயரை வைத்து ஆளை அளக்கும் பழக்கத்தைக் கடுமையாகத் திட்டினார். சாங்கரைச் சொன்னாலும் 1963-லிருந்து 1974 வரையான தன் பதினோரு வருஷமும் அவர் மனதில் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இதை வைத்து 'எல்லாருக்கும் பதினோரு வருஷம் கொடுங்கள்' என்று முடிக்க மாட்டேன். பதினோரு வருஷம் கொடுத்து ஒன்றும் வராத ஆய்வகங்களைப் பற்றி யாரும் பதிவு எழுதுவதில்லை. அவை நம் கண்ணில் படுவதும் இல்லை. பிரென்னருக்கு அந்தச் சலுகை கிடைத்தபோது அவர் ஏற்கெனவே தூதுவர் ஆர்என்ஏவைக் கண்டவர், பெருட்ஸும் கிரிக்கும் பக்கத்தில் இருந்தார்கள். 1963-ல் பெயர் தெரியாத ஒருவர் அதே கடிதத்தை எழுதியிருந்தால் என்ன பதில் வந்திருக்கும்?

நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு சின்ன விஷயம். ஒருவரின் பங்களிப்பைப் பார்க்கும்போது அவர் பெயர் இருக்கும் பட்டியலோடு, அவர் விட்டுக் கொடுத்ததால் மற்றவர்கள் பெயரில் வந்த பட்டியலையும் பக்கத்தில் வைக்க வேண்டும். பிரென்னருக்கு இரண்டாவது பட்டியல்தான் நீளம். போன மாதம் எங்கள் குழுவில் ஒருவருக்கு மதிப்பீடு எழுதும்போது இதை முயன்று பார்த்தேன். கமிட் எண்ணிக்கையில் கடைசியில் இருந்தவர் அவர். மற்றவர்கள் முடித்த வேலைகளில் எதெல்லாம் இவர் ஆரம்பித்துக் கொடுத்தது என்று கேட்டுக் கேட்டு எழுதினேன். ஒரு பக்கம் போதவில்லை.

1957 கட்டுரை சில பக்கங்கள்தான், கூட்டல் வகுத்தல் தெரிந்தால் போதும். முடிந்தால் படித்துப் பாருங்கள். புழுவின் வம்சாவளியைப் பற்றித் தனியாக ஒரு குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன், அதில் சாகிற 131 செல்களைப் பற்றி விரிவாகப் பார்ப்போம்.